‘அவர் லாஸ்ட் டாங்கோ’: டாங்கோவைப் பற்றிய படமா, இரண்டு பேரைப் பற்றிய படமா?

செங்காந்தள்:

ஹெர்மான் க்ரால் இயக்கி 2015இல் வெளிவந்த ‘அவர் லாஸ்ட் டாங்கோ’ ஆவணப்படத்தை ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். க்ரால் புவெனஸ் அயர்ஸில் பிறந்து ம்யூனிக்கில் சினிமா படித்தவர். ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் நிர்வாகத் தயாரிப்பாளர். மொத்தம் 85 நிமிடம்தான்.

மரியா நியெவெஸும் ஹுவான் கார்லோஸ் கோபெஸும் பதின்ம வயதில் நடன கிளப்பில் சந்தித்து, அர்ஜென்டினாவின் ஜோடி நடனமான டாங்கோவைக் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் சேர்ந்து ஆடியவர்கள். காதலித்தார்கள், பிரிந்தார்கள், மறுபடி சேர்ந்தார்கள், 1964இல் லாஸ் வேகஸில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதுவும் முறிந்தது. கோபெஸ் வேறொரு பெண்ணோடு குடும்பம் அமைத்து, குழந்தைகளும் பிறந்தார்கள். அதற்கப்புறமும் மேடை ஏறினால் இவர்கள்தான் ஜோடி. 1997 வரை இது நடந்திருக்கிறது!

இந்தப் படம் எனக்கு ரொம்பப் பிடித்தது. காரணம் மரியா. எண்பது வயதை ஒட்டிய ஒரு பெண், தன் கோபத்தையும் பெருமையையும் எதையும் பூசி மெழுகாமல் கேமரா முன்னால் பேசுகிறார். வசதியில்லாத வீட்டில் வளர்ந்தது, சிறுமியாகத் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆடிப் பழகியது, அப்புறம் அந்தக் கிளப் இரவுகள் என்று அவர் சொல்லச் சொல்ல, டாங்கோ என்பது ஏழை வீட்டுப் பெண்ணுக்கு என்னவாக இருந்தது என்று புரிகிறது. இளம் நடனக் கலைஞர்களைக் கொண்டு பழைய காட்சிகளை மறுபடி ஆடவைத்திருக்கிறார்கள். அதுவும் எனக்குப் பிடித்தது.

பார்த்தவர்கள் சொல்லுங்கள். என் நண்பர்கள் வட்டத்தில் பாதிப் பேர் இதை “டிவி சீரியல்” என்று ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

பழைய ரேடியோ:

படம் நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டாங்கோ பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாராவது கேட்டால் இதைக் கைகாட்ட மாட்டேன். இசை முழுக்கப் பின்னணியாகவே ஓடுகிறது. வாசித்திருப்பவர்கள் செக்ஸ்டெட்டோ மயோர் மாதிரி ஆட்கள்! ஹோசே லிபெர்டெல்லாவும் லூயிஸ் ஸ்டாசோவும் 1973இல் தொடங்கிய குழு அது. 1983இல் பாரிஸில் ‘டாங்கோ அர்ஜென்டினோ’ நிகழ்ச்சியில் இதே மரியாவும் கோபெஸும் ஆடியபோது மேடையில் வாசித்ததும் அவர்கள்தான். இப்படி ஒரு தொடர்பு கையில் இருக்கும்போது, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று படம் ஒரு இடத்திலாவது நின்று கேட்டிருக்க வேண்டாமா?

1935 முதல் 1955 வரை என்று பொதுவாகச் சொல்லப்படும் பொற்காலத்தில், எந்தக் கிளப்புக்குப் போவது என்பதை அன்றைக்கு அங்கே யார் வாசிக்கிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். அன்றைய பெரிய இசைக்குழுத் தலைவர்களில் டி’அரியென்சோ என்றால் கூர்மையான வேகமான தாளம். டி சார்லி என்றால் நிதானமாக நடக்கலாம். புக்லியேசே வாசித்தால் திடீரென்று தாளம் இழுபடும், அனுபவம் இல்லாதவர்கள் தளத்தில் திணறிப்போவார்கள். இசைக்குழுதான் அடியைத் தீர்மானித்தது. மரியாவும் கோபெஸும் கால் வைத்துப் பழகிய மண்ணே அதுதான். படத்தில் அது இல்லை.

பண்டோனியோனையாவது காட்டியிருக்கலாம். ஆர்மோனியம் மாதிரித் துருத்தியில் இயங்கும் வாத்தியம், ஜெர்மனியில் பிறந்தது. ஒரே பொத்தானைத் துருத்தி விரியும்போது அழுத்தினால் ஒரு சுரம், மூடும்போது அழுத்தினால் வேறு சுரம். வழக்கமான டாங்கோ பண்டோனியோனில் 71 பொத்தான்கள். இரண்டு கைக்கும் விரிப்புக்கும் மூடலுக்குமாக நான்கு விரலமைப்புகளை மனதில் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் நிறையப் பேர் விரித்தபடியே வாசித்துவிட்டு, கட்டைவிரலால் காற்றுத் திறப்பைத் தட்டிச் சட்டென்று மூடுகிறார்கள். டாங்கோவில் கேட்கும் அந்த மூச்சு வாங்கல் அங்கிருந்து வருவது.

இசைக்கு நான் சொல்லும் படம் மிகேல் கோஹானின் ‘கஃபே தெ லோஸ் மாயெஸ்த்ரோஸ்’, 2008. இசையமைப்பாளர் குஸ்தாவோ சாந்தாவோலாயா ஒன்றுசேர்த்த பழைய தலைமுறை கலைஞர்கள் அதில் இருக்கிறார்கள். லியோபோல்டோ ஃபெடெரிகோ, ஓராசியோ சால்கான், மரியானோ மோரெஸ், ஆல்பெர்டோ பொடெஸ்டா... எழுபது, எண்பது வயதுக்காரர்கள் ஒலிப்பதிவில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். அப்புறம் புவெனஸ் அயர்ஸின் ஓபரா அரங்கமான டியாட்ரோ கோலோனில் கச்சேரி. ஃபெடெரிகோவின் முழங்காலில் துருத்தி விரிகிற ஒரு ஷாட்டுக்காக, ‘லாஸ்ட் டாங்கோ’வின் மறு ஆக்கக் காட்சிகள் அத்தனையையும் விட்டுக்கொடுப்பேன்.

தெருவிளக்கு:

எனக்கு அந்த மறு ஆக்கக் காட்சிகள்தான் பிரச்சினையே. மரியா பேச ஆரம்பிக்கிறார், அந்த முகத்திலேயே எல்லாம் இருக்கிறது. உடனே வெட்டி, பளபளப்பான ஒளியில் இரண்டு அழகான இளைஞர்கள் ஆடுவதைக் காட்டுகிறார்கள். ஏழ்மையைச் சொல்லும் இடத்தில்கூட உடையும் விளக்கும் விளம்பரப் படம் மாதிரி இருக்கிறது. அந்தப் பெண்ணின் பேச்சை நம்பாமல் அலங்காரம் தேடியிருக்கிறார் இயக்குநர்.

செங்காந்தள்:

@தெருவிளக்கு, 1940களின் கடைசியில் ஒரு பேட்டை கிளப்பில் ஆடிய பதினான்கு வயதுப் பெண்ணை யார் படம் பிடித்து வைத்திருப்பார்கள்? அந்த வருடங்களுக்குப் பதிவே இல்லை. புகழ் வந்த பிறகுதான் கேமராவும் வந்தது. சின்ன மேசை மேல் நின்று இருவரும் மிலோங்கா என்ற வேகமான டாங்கோ வகையை ஆடும் பழைய துணுக்கு இருக்கிறதே, அதெல்லாம் அவர்கள் பிரபலமான பிறகு எடுத்தது. முன்பகுதியை வெறும் பேச்சாக விடலாம், அல்லது ஆடிக் காட்டலாம். நடனத்தைப் பற்றிய படத்தில் ஆடிக் காட்டுவதுதானே முறை?

அதோடு அந்த இளைஞர்கள் சும்மா வேடம் போடவில்லை. மரியாவிடமும் கோபெஸிடமும் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள், கேட்டதை உடம்பில் வாங்கிப் பார்க்கிறார்கள். நடன உலகத்தில் அவர்களுக்கு அடுத்த தலைமுறை ஆட்கள் என்பதால் கேட்கும் கேள்வியும் வேறு மாதிரி வருகிறது. பத்திரிகைக்காரர் கேட்டிருந்தால் “ஏன் பிரிந்தீர்கள்” என்பதோடு நின்றிருக்கும்.

வட்டப்பாதை:

நான் மிலோங்காக்களில், அதாவது எல்லோரும் கூடி டாங்கோ ஆடும் நடன இரவுகளில் ஆடுகிறவன், மேடைக்காரன் அல்ல. அந்த இடத்திலிருந்து என் கருத்து.

படத்தில் வரும் நடனம் கிட்டத்தட்ட முழுக்க மேடை நடனம். கால் தூக்கல், சுழல், வேகமான வெட்டு, முன்கூட்டியே கோர்த்து வைத்த அசைவு. இதைப் பார்த்துவிட்டு டாங்கோ வகுப்புக்கு வருகிறவர்கள் முதல் நாளே ஏமாந்துபோகிறார்கள், ஏனென்றால் அங்கே நடக்கத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். மிலோங்காவில் ஆடும் ஜோடிகள் எல்லாம் தளத்தைச் சுற்றி, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில், வரிசையாக நகர்வார்கள். பின்னால் வரும் ஜோடிக்கும் இடம் வேண்டும், காலைத் தூக்கினால் யாரையாவது இடித்துவிடும். எதுவும் முன்கூட்டித் திட்டமிட்டதில்லை, அந்த நிமிடத்தில் கேட்கும் இசைக்கு இருவர் சேர்ந்து எடுக்கும் முடிவுதான்.

ஆடக் கூப்பிடுவதும் வாயால் அல்ல. தூரத்திலிருந்து பார்வை, அப்புறம் லேசான தலையசைப்பு. கபெசியோ என்பார்கள். எதிரில் இருப்பவர் கண்ணை விலக்கிக்கொண்டால் அவ்வளவுதான், யாருக்கும் அவமானம் இல்லை. ஒரே இசைக்குழுவின் மூன்று நான்கு பாட்டுகள் சேர்ந்தது ஒரு டாண்டா. அது முடிந்ததும் சம்பந்தமே இல்லாத ஒரு துண்டு இசையைப் போடுவார்கள், தளம் காலியாகும். பழைய ரேடியோ சொன்னது இங்கேதான் பொருந்துகிறது. டி சார்லி டாண்டாவுக்கு ஒருவரோடும் புக்லியேசே டாண்டாவுக்கு வேறொருவரோடும் ஆட விரும்புகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

கோபெஸ் செய்தது, இந்தக் கிளப் நடனத்தை எடுத்து, ஹாலிவுட் நடன நடிகர் ஜீன் கெல்லியின் படங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணோடு மேடைக்கு மாற்றியது. பெரிய காரியம். இன்றைக்கு மேடை டாங்கோ என்று ஒரு தொழிலே இருப்பதற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். 2003 முதல் புவெனஸ் அயர்ஸில் நடக்கும் உலகப் போட்டியில்கூடத் தள நடனம், மேடை நடனம் என்று இரண்டு பிரிவு. படம் இந்த மாற்றத்தையே மையமாக வைத்திருக்கலாம். கிளப்பில் கற்றதில் எது மேடைக்குப் போனது, எது தொலைந்தது என்று யாரும் கோபெஸிடம் அழுத்திக் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் ஒரு மிலோங்காவில் கேமராவை வைத்திருந்தால் போதும், வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். மரியா நடக்கிற விதத்தில் அந்தக் கிளப் இன்னும் இருக்கிறது. பழைய பதிவுகளில் அவருடைய பாதம் தரையை விட்டு எழும்பாத இடங்களைப் பாருங்கள். எல்லோரும் கால் வெட்டுக்குக் கைதட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த ஜோடியின் தரம் அந்த நடையில்தான் இருக்கிறது.

மழைத்தூறல்:

எல்லாரும் இசை, மேடை என்று பேசுகிறீர்கள். எனக்குப் படம் முழுக்க ஒரே கேள்விதான் ஓடியது. இந்த நடனத்தை உருவாக்கியது யார்? எங்கே தேடினாலும் “கோபெஸின் நடன அமைப்பு, ஜோடி மரியா நியெவெஸ்” என்றுதான் இருக்கிறது. ஐம்பது வருடம் எதிரில் நின்று ஒவ்வொரு அசைவையும் தன் உடம்பில் சோதித்துக் கொடுத்தவர் வெறும் ஜோடியா? அவர் இல்லாமல் கோபெஸின் கற்பனை காகிதத்தில்தான் இருந்திருக்கும்.

வேலை போய்விடும் என்று, பிடிக்காதவனின் கையில் தினமும் இரவு போய் நிற்க வேண்டியிருந்த பெண் அவர். கோபத்தை நடனத்தில் போட்டார் என்று ரசிகர்கள் அழகாகச் சொல்கிறார்கள். எனக்கு அது அழகாகத் தெரியவில்லை, வலித்தது. ஜோடி முறிந்த பிறகும் கோபெஸுக்குக் குழு இருந்தது, பெயர் இருந்தது, அப்புறம் மகள் ஜோஹானாவோடு ஆடினார். 1997இல் கதவு மூடியது மரியாவுக்குத்தான். அப்புறம் தன் பலத்தில் திரும்ப மேடை ஏறினார் என்பது அவருடைய பெருமை.

இந்தப் படம் அவரைப் பேசவிட்டிருக்கிறது. அதற்காகவே இதன் எல்லாக் குறையையும் மன்னிக்கலாம்.

நிலவன்:

மழைத்தூறல் அக்கா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் படம் கோபெஸுக்கு நியாயம் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். அவர் அதிகம் பேசாத மனிதர். மனதைத் திறந்து பேசுகிற ஒருவரையும் மூடியே இருக்கிற ஒருவரையும் மாற்றி மாற்றிக் காட்டினால், பேசுகிறவர் பக்கம்தான் நாம் சாய்வோம். அவர் மௌனமாக இருக்கும் இடத்தில் எல்லாம் படத்தொகுப்பு அவரைக் குற்றவாளியாக நிறுத்துகிறது.

அந்த மனிதரின் பிடிவாதம் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1951இல் லூனா பார்க் அரங்கப் போட்டியில் ஜெயித்ததோடு பேட்டையில் பேர் வாங்கி நின்றிருக்கலாம். குழு அமைத்து, நாடு நாடாகப் போய், அமெரிக்காவில் எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சி வரைக்கும் கொண்டு போனது அவர்தான். கணவராக அவர் செய்தது தவறு என்பது தெரிகிறது. கலைஞராக அவர் செய்ததைச் சிறிதாக்க அது காரணமாகக் கூடாது. 2021 ஜனவரியில் கொரோனாவில் இறந்தார், 89 வயது. இனி அவர் பக்கத்தைக் கேட்க வழியே இல்லை. இன்னும் கொஞ்சம் பொறுமையாக அவரிடம் உட்கார்ந்திருக்கலாம் என்று அதனால்தான் தோன்றுகிறது.

மழைத்தூறல்:

@நிலவன், அவருக்குப் பேச வாய்ப்பு இருந்தது தம்பி. கேமரா அவர் முன்னாலும் வைக்கப்பட்டது. பேச வேண்டாம் என்று அவர் தேர்ந்தெடுத்ததை இயக்குநர் எப்படி நிரப்ப முடியும்? அவருடைய சாதனையை நான் மறுக்கவில்லை. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு பெயர் இருக்க வேண்டும் என்கிறேன்.

பழைய ரேடியோ:

நிலவன் சொன்ன அந்த “நாடு நாடாகப் போனது” பற்றி. ஏன் போனார்கள்? படம் இதை வேகமாகக் கடந்துவிடுகிறது, எனக்குப் பெரிய குறை இதுதான்.

1955இல் ராணுவம் அர்ஜென்டினாவின் ஜனாதிபதி பெரோனைக் கவிழ்த்தது. டாங்கோ உலகத்தில் பெரோன் ஆதரவாளர்கள் நிறைய. பாடகரும் நடிகருமான ஹூகோ டெல் கரில் சிறைக்குப் போனார். புக்லியேசே கம்யூனிஸ்ட், அவரைப் பெரோன் ஆட்சியிலேயே உள்ளே தள்ளினார்கள். அவர் சிறையில் இருக்கும் நாட்களில் பியானோ மேல் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூவை வைத்துவிட்டு மற்றவர்கள் வாசிப்பார்கள். 55க்குப் பிறகு பெரிய நடன இரவுகள் குறைந்தன, பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட இசைக்குழுவுக்குச் சம்பளம் கட்டுப்படியாகவில்லை, நால்வர் அறுவர் குழுக்களாகச் சுருங்கின. இளைஞர்கள் ராக் பக்கம் போனார்கள். 1962இல் ‘எல் கிளப் டெல் கிளான்’ டிவி நிகழ்ச்சி வந்தபோது ஒரு தலைமுறையே கை மாறிவிட்டது. அப்புறம் 1976 முதல் 83 வரை ராணுவ ஆட்சி.

கிளாடியோ செகோவியாவும் ஹெக்டர் ஒரெசோலியும் ‘டாங்கோ அர்ஜென்டினோ’வைப் பாரிஸில் மேடையேற்றியது 1983 நவம்பர், ஜனநாயக அரசு பதவியேற்பதற்குச் சரியாக முந்தின மாதம். 1985இல் பிராட்வே. அந்த மேடையில் இருந்தவர்கள் ஒல்லியான இளைஞர்கள் இல்லை, நடுவயதுக்காரர்கள். விருலாசோ பெருத்த உடம்புக்காரர், அவர் ஆடியதைப் பார்த்து ஜனங்கள் மயங்கினார்கள். ஊரில் மதிப்பு இழந்திருந்த ஒன்று வெளிநாட்டுக் கைதட்டலோடு திரும்பி வந்தது. இப்போது மரியாவைப் பாருங்கள். கோபெஸை விட்டு விலகி ஆடுவதற்கு வேறு எத்தனை மேடை இருந்தது அவருக்கு? டாங்கோவுக்கே வேலை இல்லாத காலம் அது. இந்தச் சரித்திரத்தைச் சேர்த்திருந்தால் மழைத்தூறல் சொல்கிற வலிக்கு இன்னும் கனம் கூடியிருக்கும்.

மழைத்தூறல்:

இதை நான் இப்படி யோசிக்கவில்லை. படமும் யோசிக்கவைக்கவில்லை. நன்றி அண்ணா.

தெருவிளக்கு:

விட்டுப்போன சரித்திரம் என்று ஆரம்பித்தால், ஆப்பிரிக்க வேர் எங்கே? அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் நடுவில் இருக்கும் ரியோ தெ லா பிளாட்டாவின் கரைகளில், ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் கந்தோம்பே மேளத் தாளம் இல்லாமல் டாங்கோ வந்திருக்காது. 1897இல் ‘எல் என்ட்ரெரியானோ’ என்ற டாங்கோவை எழுதிய ரொசெண்டோ மெண்டிசாபல் ஆப்பிரிக்க வம்சாவளிக்காரர், டாங்கோவின் முதல் பெரிய பெயர்களில் ஒருவர். இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் வந்தவர்கள், ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடும்பத்துக்கு ஓர் அறை என்று வாழ்ந்த குடியிருப்புகள், இதெல்லாம் எல்லாப் படத்திலும் வருகிறது. கறுப்பின மக்கள் மட்டும் ஒரு வாக்கியத்தோடு சரி. டாங்கோவை அர்ஜென்டினாவுக்கு மட்டும் எழுதிக் கொடுப்பதும் இதோடு சேர்ந்ததுதான். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்துதான் பதிவு செய்தன.

இந்த விஷயத்தில் ‘கஃபே’ கொஞ்சம் மேல். உருகுவேயின் லாக்ரிமா ரியோஸ் அதில் பாடுகிறார். கறுப்பினப் பாடகி, கந்தோம்பேயும் டாங்கோவும் இரண்டும் பாடியவர். 2006 டிசம்பரில் இறந்துவிட்டார், படம் வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை.

செங்காந்தள்:

இரண்டு பேரைப் பற்றிய 85 நிமிடப் படத்தில் 1897ஐயும் தேடுவது கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன். ஒரு படம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 1955 விஷயம் மரியாவின் வாழ்க்கையையே தொடுகிறது, அதில் பழைய ரேடியோவோடு ஒத்துப்போகிறேன். படத்தின் நடுப்பகுதியில் வருடங்கள் எப்படிப் போகின்றன என்றே தெரிவதில்லை.

அப்புறம் ‘கஃபே’யை நானும் பார்த்திருக்கிறேன். அங்கே குறை வேறு. கலைஞர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், ஒருவரைத் தெரிந்துகொள்ளும் முன்னால் அடுத்தவர் வந்துவிடுகிறார். எல்லாரும் கட்டிப்பிடிக்கிறார்கள், எல்லாரும் எல்லாரையும் புகழ்கிறார்கள். இத்தனை வருடம் ஒரே தொழிலில் போட்டியாக இருந்தவர்களுக்கு நடுவில் ஒரு கசப்புகூடவா இல்லை? மரியாவைப் பார்த்த பிறகு அந்த இனிப்பு எனக்கு ஒட்டவில்லை.

பழைய ரேடியோ:

அது உண்மையான குறைதான். வாசிப்பு அதை ஈடுகட்டுகிறது என்பது என் கட்சி. சால்கான் பியானோவில் இடது கையை வைக்கும் விதத்தைக் கேட்ட பிறகு அவருடைய கசப்பை நான் தேடவில்லை.

புதுநிலா:

இந்த இழையை முழுக்கப் படித்தேன். நான் டாங்கோ பற்றி எதுவும் தெரியாதவள், பரதம் கற்றவள். எதிலிருந்து தொடங்கலாம்?

வட்டப்பாதை:

வாங்க. யாரும் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கரோலின் நீல் இயக்கிய ‘சி சோஸ் ப்ரூஹோ’. 2000ஆம் ஆண்டில் புவெனஸ் அயர்ஸில் இளம் கலைஞர்களுக்காக ‘ஓர்கெஸ்டா எஸ்குவேலா’ என்று ஒரு பயிற்சி இசைக்குழு தொடங்கினார்கள். இக்னாசியோ வார்சாவ்ஸ்கி என்ற இளம் பாஸ் கலைஞரின் யோசனை. நடத்த வந்தவர் எமிலியோ பல்கார்சே, புக்லியேசே குழுவில் வயலின் வாசித்தவர். அந்த முயற்சியைப் பற்றிய படம்.

குரு சிஷ்ய முறையில் படித்தவர் என்பதால் உங்களுக்கு இது உடனே பிடிபடும். டாங்கோ வாசிப்பில் பாதி விஷயம் ஸ்வரத்தாளில் இருக்காது. வயலினில் பிரிட்ஜுக்குப் பின்னால் வில்லை உரசி எடுக்கும் ‘சிச்சார்ரா’ என்ற சரசரப்பு, தாளத்துக்குச் சற்று முன்னாலேயே இழுத்துக்கொண்டு போய் விழும் பாஸ், இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க முடியும். கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர்கள் எண்பது வயதில் இருந்தார்கள், கேட்க வந்தவர்கள் இருபதுகளில். நடுவில் ஒரு தலைமுறையே இல்லை. பழைய ரேடியோ சொன்ன 1955க்குப் பின்னான சரிவின் விளைவு அங்கே கண்ணுக்குத் தெரியும்.

புதுநிலா:

நன்றி! அப்போது ‘லாஸ்ட் டாங்கோ’ வேண்டாமா?

செங்காந்தள்:

கண்டிப்பாக வேண்டும். ஒரே உடம்பு பதினான்கு வயதிலிருந்து எண்பது வரைக்கும் ஒரு நடனத்தைச் சுமப்பதை நீங்கள் வேறு எந்தப் படத்திலும் இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடியாது. ஆடுகிறவர் என்பதால் உங்களுக்கு எங்களைவிட அதிகம் தெரியும்.

தெருவிளக்கு:

பார்க்கட்டும், ஆனால் இரண்டாவதாக. முதலில் பல்கார்சேயைப் பார்த்துவிட்டு வந்தால், மரியா பேசும்போது பின்னணியில் ஓடுகிற இசையையும் சேர்த்துக் கேட்பார். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள் புதுநிலா. அந்த மறு ஆக்கக் காட்சிகளைப் பற்றி ஒரு நடனக்காரர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.